காற்றய்யாவின் மூன்று பந்துகள்

“மூணுமா?”

“மூணும்தான்கிறேன். டக், டக், டக்குனு மேலே போய் ஒட்டிக்கிச்சு.”

“எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணே பாதி வழியில நின்னுக்கிட்டு நடுங்குது. பஸ்ஸை விட்டவர் மாதிரி.”

“ஆஸ்பத்திரி பந்து அப்படித்தான் நடுங்கும். நீங்க அங்க கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. ரெண்டாவது மாடி! எக்ஸ்ரே எடுக்கறவங்க இறங்குங்க.”

“நிஜமாவே கத்தி ஒண்ணும் பண்ணாதாமா?”

“மூணு பந்து எழுந்தவரைக் கத்தி தொடாதும்மா. நான் சொல்லல. காத்தய்யா சொல்றாரு.”

இந்தப் பேச்சு நடந்தது ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள். கேட்டவர் ஒரு நோயாளியின் மனைவி. சொன்னவர் லிஃப்ட்காரர். தினமும் நூறு முறை மேலே போய்க் கீழே வந்தாலும் இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராதவர். நம்பிக்கை விஷயத்திலும் அப்படித்தான். எந்த மாடி, எந்த மாடி என்று கேட்டுப் பழகிய அந்த வாய்க்கு, எதற்காக என்று கேட்கும் பழக்கம் மட்டும் வரவில்லை.

பந்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும். நுரையீரல் பிரிவில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு பெட்டி இருக்கும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் மூன்று குழாய்கள், குழாய்க்கு ஒரு பந்து. பெட்டியிலிருந்து வரும் குழலை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பும். கொஞ்சம் இழுத்தால் ஒன்று, நன்றாக இழுத்தால் இரண்டு, நெஞ்சு நிறைய இழுத்தால் மூன்று. ஊதக் கூடாது, இழுக்க வேண்டும். இந்த ஒரு வரியைப் புரியவைப்பதற்குள் பயிற்சியம்மாவுக்குப் பாதி நாள் போய்விடும். பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பதுபோல் ஊதிவிட்டு, “மிஷின் ரிப்பேர்” என்று திருப்பிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

பயிற்சியம்மா என்பது நோயாளிகள் வைத்த பெயர். ஆபரேஷனுக்கு முன்னால் பலவீனமான நெஞ்சுகளைத் தயார் செய்வது அவர் வேலை. இருமச் சொல்வார். நடக்கச் சொல்வார். படியேறச் சொல்வார். ஒரு வார்டே ஒரு பெண்ணை வெறுக்க இந்த மூன்றும் போதாதா?

தெருவுக்கு எதிர்ப்பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில், காற்றய்யா இருந்தார். அவர் படுக்கச் சொன்னார்.

கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லவும் வேண்டுமா?

காற்றோடு அவருக்கு இருந்த உறவு பழையது. பதினெட்டு வருஷம் சைக்கிளுக்குக் காற்றடித்தவர். சைக்கிள்கள் குறைந்துபோனபோது, காற்று தேவைப்படுகிற வேறு ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். எதிரே நுரையீரல் ஆஸ்பத்திரி இருந்தது.

அவருடைய தத்துவம் எளிமையானது. ஒவ்வொருவனும் இத்தனை மூச்சு என்று அளந்து வாங்கிக்கொண்டுதான் பிறக்கிறான். நடந்தால் செலவு. படியேறினால் ஊதாரித்தனம். பேசினால் செலவு, கேள்வி கேட்டால் இரட்டைச் செலவு, ஏனென்றால் கேள்வியின் முடிவில் குரல் உயர்கிறது. இதை அவர் தினமும் மூன்று மணி நேரம் விடாமல் பேசி விளக்கினார். எதிரே இருந்தவர்கள் மூச்சைச் சேமித்தபடி கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கணக்கின்படி ஓட்டப்பந்தயக்காரர்கள் எல்லாரும் பத்து வயதில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க முடியாது. இரட்டைச் செலவு.

லிஃப்ட்காரரின் அக்காள் கணவர் ஒரு கொத்தனார். முப்பத்தைந்து வருஷம் சிமெண்டுத் தூசியைச் சும்மா உள்ளே இழுத்தார். சிகரெட் புகையை விலை கொடுத்து வாங்கி இழுத்தார். இப்போது பேசும்போது வார்த்தைக்கு நடுவில் ஒரு விசில் வரும். இடது நுரையீரலின் அடியில் கட்டி. சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

“கட்டி இருக்கிற பகுதியை எடுத்துடலாம். ஆனா மிச்சம் இருக்கிறது உங்களைத் தாங்கணும். நீங்க கொத்தனார்தானே? சுவத்துல ஒரு பகுதியை இடிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?”

“மீதி சுவர் நிக்குமான்னு பாப்போம். நிக்காதுன்னா முட்டுக் கொடுப்போம்.”

“அதேதான். இப்ப இருக்கிற மூச்சுக்கு நான் கத்தி வைக்க மாட்டேன். மூணு வாரம் தர்றேன். சிகரெட் கூடவே கூடாது. இன்ஹேலரை நேரத்துக்கு எடுங்க. நடங்க. சளியை இருமித் துப்புங்க. மணிக்குப் பத்து தடவை பந்தை எழுப்புங்க. மூணு வாரம் கழிச்சு நிக்காம மூணு மாடி ஏறிக் காட்டினா, மறுநாளே ஆபரேஷன்.”

“ஏற முடியலேன்னா, சார்?”

சர்ஜன் படத்தை உறைக்குள் வைத்தார். “நாம தயாராகிற வரைக்கும் கட்டி உக்காந்து காத்திருக்காதுங்க.”

முதல் இரண்டு நாள் கொத்தனார் ஒழுங்காக நடந்தார். வராண்டாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; நிற்கும்போதே பூச்சு எங்கே உப்பியிருக்கிறது என்று தட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் மச்சான், அதாவது நம் லிஃப்ட்காரர், வந்தார்.

“மாமா, நீங்க ஏன் இப்படிக் கஷ்டப்படணும்? நான் இருக்கேன்ல?”

“நீ எனக்காக மூச்சு விடுவியா, மச்சான்?”

“விளையாடாதீங்க மாமா. கிளம்புங்க.”

காற்றய்யாவின் இடத்துக்குப் போகப் பதினெட்டுப் படிகள். படியேறுவது ஊதாரித்தனம் அல்லவா? அதனால் நோயாளிகளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். முன்னால் மச்சான், பின்னால் ஜெராக்ஸ் கடைக்காரர்.

“இடுப்புல கயித்தைக் கட்டி இழுத்துடுங்கடா. நான் செங்கல்லை அப்படித்தான் ஏத்துவேன்,” என்றார் கொத்தனார், விசிலோடு.

“பேசாதீங்க மாமா, செலவாகுது.”

மேலே இருபது பேர் இருந்தார்கள். சத்தமே இல்லை, விசில்கள் மட்டும் மெல்ல ஒலித்தன. இரவு ரயில் நிலையம்போல இருந்தது அந்த அறை. கூரையில் யாரோ நீல வானம் வரைந்திருந்தார்கள். வெள்ளை மேகங்கள், ஒரு பறவை. நடுவில், மூடிப்போன சலூன் ஒன்றிலிருந்து வாங்கிய நாற்காலி. அதன் முதுகில் பொருத்திய இரும்புக் கையில், முகத்துக்கு நேரே, பந்துப் பெட்டி. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அதே பெட்டிதான். காற்றய்யா அதற்குத் தங்க நிறக் காகிதம் ஒட்டியிருந்தார்.

“உக்காருப்பா. கண்ணை மேலே வை. கீழே பாக்காதே, பந்தைப் பாக்காதே. வானத்தைப் பாரு. அது எவ்வளவு பெருசு பாரு. ம்ம், இழு.”

கொத்தனார் வானத்தைப் பார்த்தார். நாற்காலி தாலாட்டுபோல மெல்லப் பின்னால் சாய்ந்தது. இழுத்தார்.

“ஆ...” என்றது கூட்டம். மூச்சுச் செலவையும் மறந்து.

மூன்று பந்தும் மேலே நின்றன.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்றய்யா ஓர் அட்டையில் மூன்று சிவப்பு வட்டங்கள் குத்திக் கொடுத்தார். “எழுந்த மூச்சை இனி சிந்தாதே. படுத்திரு. நடை வேண்டாம், இருமல் வேண்டாம். கத்தி வர்ற அன்னைக்கு இந்த அட்டை தலைமாட்டுல இருக்கட்டும்.”

அங்கேயே ஓரத்தில் ஒரு கடிகாரக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் மூன்று வட்ட அட்டை இருந்தது. ஒரு மாதம் அசையாமல் படுத்திருந்துவிட்டு சர்ஜனிடம் போனவர். ஒரு மாடி ஏறுவதற்குள் உதடு நீலமாகிவிட்டது. ஆபரேஷன் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி யாராவது கேட்டால் காற்றய்யாவிடம் பதில் தயார்: “மூணு பந்து எழுந்தவரைக் கத்தி தொடாதுன்னு சொன்னேனா இல்லையா? தொட்டுச்சா?”

இப்படி ஒரு வாக்கு பலிப்பதற்கு எந்தக் கடவுளின் உதவியும் தேவையில்லை. நல்ல நாற்காலி இருந்தால் போதும்.

கொத்தனார் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, நாள் முழுக்க. மனைவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

“பயிற்சியம்மா நடக்கச் சொன்னாங்களேடா?” என்று தம்பியைக் கேட்டார்.

“அவங்க சம்பளத்துக்குச் சொல்றாங்க அக்கா. அய்யா சும்மா சொல்றாரு.”

“சும்மாவா? அன்னைக்கு உறையில போட்டு நீட்டினியே, அது என்ன, லெட்டரா?”

“அது அன்பளிப்பு அக்கா. எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி?”

“உங்க மாமா மூச்சு வாங்கறது கூடியிருக்குடா. பக்கத்துல படுக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?”

பத்து நாள் இப்படிப் போனது. சர்ஜன் சொன்ன மூன்று வாரத்தில் பதின்மூன்றாம் நாள் மனைவி பிடிவாதமாகப் பயிற்சியம்மாவிடம் கூட்டிப் போனார். கொத்தனார் கம்பீரமாகத்தான் உட்கார்ந்தார். மூன்று பந்து மனிதர் அல்லவா? குழலை வாயில் வைத்தார். பெட்டியைப் பிடித்த கை தானாகப் பின்னால் சாய்ந்தது. முகம் மேலே போனது. இழுத்தார். இரண்டு பந்து எழுந்தது.

“நேரா பிடிங்க,” என்று பயிற்சியம்மா இரண்டு விரலால் பெட்டியை நிமிர்த்தினார்.

இரண்டாவது பந்து தொப்பென்று கீழே விழுந்தது. முதல் பந்தும் பாதிக்கு இறங்கி நடுங்கியது.

“படுத்தே இருந்தீங்களா?”

கொத்தனார் குழலை வாயிலிருந்து எடுத்தார். விழுந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டணும்னு கேக்கலைங்க. முதல் நாள் இருந்ததைவிட மோசமா இருக்கு. சளி கட்டியிருக்கு. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு.” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெளியே வந்ததும் மச்சான் ஆறுதல் சொன்னார். “இங்க காத்து வேற மாமா. ஆஸ்பத்திரிக் காத்துல பயம் கலந்திருக்கு. அங்க போனா மறுபடியும் மூணு எழும்.”

கொத்தனார் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு அடங்க நேரமாயிற்று.

“மச்சான், ஒரே பலகை. ஒரு வீட்டுல வெச்சா கோலிக்குண்டு நிக்குது. இன்னொரு வீட்டுல வெச்சா உருண்டு ஓடுது. தப்பு எங்க இருக்கு?”

“கோலிக்குண்டுல?”

“தரையிலடா.” எழுந்தார். “நாளைக்கு வீட்டுக்கு வந்து என் பையைத் தூக்கிட்டு வா.”

மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடிக்கு அவர் தூக்கு நாற்காலியில் ஏறவில்லை. பதினெட்டுப் படிகளையும் காலால் ஏறினார். நான்கு இடத்தில் நின்றார். மனைவி பின்னால் வந்தார். மச்சான் சிமெண்டு படிந்த பையைச் சுமந்தபடி, “வேண்டாம் மாமா, அய்யா மனசு நோகும்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே ஒரு பஸ் கண்டக்டரம்மா நாற்காலியில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பந்தும் எழுந்து நின்றன. கூட்டம் ஆ என்றது. கொத்தனார் நேரே போய், பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அதே மட்டம். கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழ். நேராக இருந்தால் குமிழ் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். குமிழ் ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது.

“என்னய்யா இது?” என்றார் காற்றய்யா.

“உங்க பெட்டி சாஞ்சிருக்குங்க. சாஞ்ச குழாய்ல பந்தைத் தூக்க வேண்டியதில்ல, தள்ளினா போதும். சாரத்துல மூட்டையைத் தூக்கறதுக்கும் சாய்வுப் பலகையில உருட்டறதுக்கும் வித்தியாசம் இல்லையா?”

“இத்தனை பேர் கண்ணால பாத்திருக்காங்க. நீ என்னை நம்பறியா, கண்ணாடிக் குமிழை நம்பறியா?”

“குமிழுக்குப் பேசத் தெரியாதுங்க. அதான் அதை நம்பறேன்.”

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. “அய்யாவை எதிர்த்துப் பேசாதீங்க,” என்று ஒரு குரல். “ஆபரேஷன் பயத்துல உளறாரு,” என்று இன்னொன்று. கொத்தனாரிடம் மறுபேச்சுக்கு மூச்சு இல்லை. கண்டக்டரம்மாவை மெல்ல எழுப்பிவிட்டு, தன் பையை நாற்காலியில் உட்கார வைத்தார். கரணை, மட்டக்கோல், பழைய துண்டு, ஒரு சுத்தியல். நாற்காலி அடியில் இருந்த கால்மிதியைத் தேடிப் பிடித்து மிதித்தார். நாற்காலி சாய்ந்தது. காற்றய்யா வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அவர் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு மிதி. பெட்டியின் தலை அதன் வாலைவிடக் கீழே போனது.

டக். டக். டக்.

மூன்று பந்தும் எழுந்துவிட்டன. பை, வானத்தைப் பார்த்துக்கொண்டு சாந்தமாகக் கிடந்தது.

“இந்தப் பைக்கு நாளைக்கே ஆபரேஷன் பண்ணலாம்,” என்றார் கொத்தனாரின் மனைவி. “அட்டை குத்துங்க.”

காற்றய்யா லேசுப்பட்டவர் அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டார். “இரும்புக்கும் மூச்சு உண்டு. நமக்குக் கேக்காது, அவ்வளவுதான்.”

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. ஆடத்தானே தலை இருக்கிறது!

“சரிங்க,” என்றார் கொத்தனார். நாற்காலியை நிமிர்த்தி, ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை இரும்புக் கையைச் சரிசெய்தார். “இப்ப நீங்க உக்காருங்க. எங்களுக்கு மூச்சு குடுக்கறவர் நீங்க. மூணு வேண்டாம், ரெண்டு எழுப்புங்க. நான் கீழே போய்ப் படுத்துடறேன், எந்திரிக்கவே மாட்டேன்.”

காற்றய்யா உட்காரவில்லை. இருபது ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன. அதன் பிறகு உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார், நாற்காலி சாயவில்லை. இழுத்தார். முதல் பந்து எழுந்தது. இரண்டாவது ஒரு முறை குதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று இருந்துகொண்டது. மறுபடி இழுத்தார். இந்த முறை பந்துக்குப் பதிலாக அவர் நெஞ்சிலிருந்து ஒரு விசில் வந்தது.

அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த விசிலைத் தெரியும். அவர்கள் அதோடுதான் தூங்கி எழுகிறார்கள்.

“காலையில இருந்து பேசினதுல செலவாயிடுச்சு,” என்றார் காற்றய்யா.

முதலில் சிரித்தது கண்டக்டரம்மா. அப்புறம் எல்லாரும். நுரையீரல் நோயாளிகள் சிரித்தால் சிரிப்பு சிரிப்பாக நிற்காது, இருமலாக மாறும். இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார்கள். இரண்டு வாரமாகப் பயிற்சியம்மா கெஞ்சியும் வராத சளியெல்லாம் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தது. காற்றய்யா செய்த ஒரே வைத்தியம் அதுதான். அதையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

கடிகாரக் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, மூன்று சிவப்பு வட்டங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியின் மேல் கிடந்த பையின் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார்.

சிரிப்பு அங்கே நின்றது.

“அய்யா, அப்போ நாங்க யாரைத்தான் நம்பறது?” என்று ஒரு குரல் கொத்தனாரைக் கேட்டது. பெரிய கேள்வி, வழக்கம்போல் தவறான ஆளிடம்.

“என்னையும் நம்பாதீங்க,” என்றார் கொத்தனார், பையை எடுத்துக்கொண்டே. “நான் சொன்னாலும் வெச்சுப் பாருங்க, சாய்ச்சுப் பாருங்க, நிமித்திப் பாருங்க. யோசிக்கிறதுக்கு மூச்சு செலவாகாதுங்க. இத்தனை நாள் சேத்து வெச்சிருக்கீங்களே, அந்த மூளையைக் கொஞ்சம் தாராளமா செலவு பண்ணுங்க.”

தெருவைக் கடக்கும்போது மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். மச்சான் நாலடி பின்னால் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில்தான் வாய் திறந்தார்.

“மாமா, என் மேல கோவமா?”

“கோவப்பட மூச்சு இல்லடா.”

“உங்களுக்கு நல்லது பண்ணணும்னுதான்...”

“தெரியும்.”

“பத்து நாள், மாமா. என்னால பத்து நாள் போச்சு.”

லிஃப்ட் திறந்தே கிடந்தது. உள்ளே நான்கு பேர் ஏறி நின்றுகொண்டு, “மேலே போகுமா, போகாதா?” என்று சத்தம் போட்டார்கள். மச்சானின் வேலை நேரம் தொடங்கிவிட்டது. அவர் லிஃப்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

கொத்தனார் லிஃப்டைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டில் கால் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். மேலே படிகள் வளைந்து வளைந்து போயின. நெஞ்சு விசிலடித்தது.

“மச்சான்,” என்றார். “ஏழு நாள்தான் இருக்கு. நடுவுல மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்குடா. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை... என்கூட ஏறி வர்றியா?”